தேர் கலர்

இசக்கித்தாய் முதன்முதலாகக் கலர் குடித்தது அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. ஓட்டப்பிடாரத்துக்குத் தெற்கே, பனையும் உடைமரமும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஊர் அவளுடையது. மாப்பிள்ளை வீட்டார் வாழைப்பழத்தோடும் வெற்றிலையோடும் ஒரு மரப்பெட்டியையும் வண்டியிலிருந்து இறக்கினார்கள். பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் ரோஸ் நிறத்தில் கோலி பாட்டில்கள். மாப்பிள்ளை பேச்சிமுத்துவுக்குத் தூத்துக்குடியில் காசிலிங்கம் அண்ணாச்சியின் சோடா கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற வேலை. வந்தவர்களுக்கெல்லாம் அவனே கட்டைவிரலால் கோலியை அழுத்தி உடைத்துக் கொடுத்தான். முதல் பாட்டில் போட்ட சத்தத்தில் தொழுவத்தில் நின்ற கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அடுப்படிக்குள் நின்ற இசக்கித்தாய்க்கும் ஒரு பாட்டில் வந்தது. ஒரு மடக்குக் குடித்தாள். மூக்குக்குள் ஊசி குத்தியது மாதிரி இருந்தது. கண்ணில் நீர் வந்தது, தொண்டையில் இனித்தது, ஏப்பம் வந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏளா, சம்மதமான்னு வெளிய கேக்காவ. என்னத்த இளிச்சுக்கிட்டு நிக்க?" என்றாள் அம்மா.

"சம்மதம்னு சொல்லு போ" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள்.

கல்யாணம் முடிந்து தூத்துக்குடிக்கு வந்தாள். தண்டவாளத்துக்கு மேற்கே, ஒரு சந்துக்குள் ஒற்றை அறை வீடு. பேச்சிமுத்து சாயங்காலம் கழற்றிப் போடுகிற சட்டையை மோந்து பார்த்தே அன்றைக்குக் கம்பெனியில் என்ன கலர் ஊற்றினார்கள் என்று சொல்லிவிடுவாள். அவன் அதை ஒரு பெருமையாகத் தெருவெல்லாம் சொன்னான். மகள் பகவதி பிறந்து, நடந்து, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு வளர்ந்ததும் இசக்கித்தாயும் கம்பெனிக்குப் பாட்டில் கழுவப் போனாள்.

கம்பெனி என்பது காசிலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. ஒரு பக்கம் கழுவுகிற தொட்டி. மறுபக்கம் மெஷின். மெஷின் என்றால், பாட்டிலைப் படுக்கவைக்கிற ஓர் இரும்புப் பெட்டி. பெட்டியின் கம்பிவலைக் கதவைச் சாத்தி, சிலிண்டரிலிருந்து கேஸைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் பெட்டி புரளும், கோலி வந்து பாட்டில் வாயை அடைக்கும். சுற்றுகிறவன் முகத்துக்கு ஒரு கம்பி முகமூடி உண்டு. கம்பெனியில் இருந்தது ஒரே ஒரு முகமூடி. அது பேச்சிமுத்துவினுடையது.

அண்ணாச்சி மோசமான மனுசர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். வேலைக்காரர் வீட்டுச் சடங்குக்கு வந்து சம்மணம் போட்டுச் சாப்பிடுவார். புதுசு புதுசாகக் கலர் இறக்கவேண்டும் என்பதுதான் அவருடைய கிறுக்கு. சர்பத், பன்னீர் சோடா, ஜிஞ்சர் என்று எல்லாக் கம்பெனியும் ஊற்றுவதையே தானும் ஊற்றிக்கொண்டிருந்தால் தன் பேரை எவன் நினைப்பான் என்பார். ஒரு கோடையில் மாம்பழக் கலர் இறக்கினார். வெயிலில் அரைநாள் வைத்தால் அடியில் சேறு மாதிரி தங்கியது. இன்னொரு கோடையில் பச்சையாக ஒன்று. கடைக்காரர்கள் சேலைக்குச் சாயம் போடுகிற தண்ணியா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்ததை வேலைக்காரர் வீடுகளுக்குக் கொடுத்தார். ஒரு வாரம் அந்தச் சந்துப் பிள்ளைகள் எல்லாம் பச்சை நாக்கை நீட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லி இசக்கித்தாயும் பேச்சிமுத்துவும் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

எழுபத்தேழாம் வருசம் மாதா கோயிலான பெரிய கோயிலில் தங்கத்தேர் ஓடுகிற வருசமாக வந்தது. எல்லா வருசமும் ஓடுகிற தேர் அல்ல அது. முந்தி ஓடியதைப் பார்த்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் இப்போது மீசை வைத்திருந்தார்கள். புன்னைக்காயலிலிருந்தும் அதற்குத் தெற்கேயுள்ள கடற்கரை ஊர்களிலிருந்தும் சனம் வந்து குவியும், வேதக்காரர்கள் மட்டுமல்ல, தூத்துக்குடியில் அந்தத் தேரைப் பார்க்காமல் வீட்டில் இருக்கிறவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, கடைகளில் விற்கிற வெளிநாட்டுக் கறுப்புக் கலர் இனிமேல் வராது, கம்பெனியே நாட்டை விட்டுப் போகப்போகிறது என்று ஒரு பேச்சு அடிபட்டது.

அண்ணாச்சி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். ஒரு நாள் எல்லோரையும் கொட்டகையில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தேர் நெறத்துல ஒரு கலர் போடப்போறேன். பேரும் தேர் கலர்தான். கொடி ஏறுத அன்னைக்குக் கடைக்கு வரும். கொடி எறங்குன பொறவு எவன் வந்து கெஞ்சினாலும் கெடைக்காது. கெடைக்காதுன்னு சொன்னாத்தாம்ல சனம் வாங்கும்."

மதராஸிலிருந்து ஏதோ ஓர் எசன்ஸ் வரவழைத்திருந்தார். அன்னாசியா எலுமிச்சையா என்று பிரித்துச் சொல்ல முடியாத வாசனை. அதோடு இஞ்சிச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, விளக்கு வெளிச்சத்தில் பித்தளை மாதிரி மின்னுகிற ஒரு மஞ்சளில் ஊற்றி ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். இசக்கித்தாய் குடித்தாள். முதலில் புளிப்பு, அதன்பின் இனிப்பு, எல்லாம் இறங்கிய பிறகு நாக்கின் நுனியில் லேசாக ஓர் உறைப்பு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அடுப்படியில் நின்று குடித்ததற்குப் பிறகு அவளுக்கு அப்படிப் பிடித்த கலர் இதுதான்.

"இது ஓடும் அண்ணாச்சி" என்றாள். மற்றவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொன்னவள் அவள்தான்.

அவள் சொன்னபடியே ஓடியது. கொடியேறிய அன்றைக்கு அனுப்பிய பெட்டிகள் மத்தியானத்துக்குள் காலியாகி வந்தன. பீச் ரோட்டுக் கடைகளிலிருந்து சைக்கிளில் ஆள் மேல் ஆள் வந்து நின்றான். கழுவுவதற்குப் பாட்டில் பத்தவில்லை. பழைய காயலான் கடையில் கிடந்த பாட்டில்களை எல்லாம் அண்ணாச்சி அள்ளிக்கொண்டு வந்தார். கழுவும்போது இசக்கித்தாயின் விரலுக்கே தெரிந்தது, பல பாட்டில்களின் கழுத்தில் கீறல் ஓடியிருந்தது. சொன்னாள். "ரொம்பக் கீறல் உள்ளத மட்டும் ஒதுக்கிப் போடு" என்றார்.

அதற்கு மேல் அவருக்கு இன்னோர் ஆசை வந்தது.

"சத்தம் பத்தாது, பேச்சிமுத்து. இங்கன ஒடச்சா கோயில் வாசல்ல நிக்கவன் திரும்பிப் பாக்கணும். கேஸக் கூட்டு."

மெஷினில் கேஸைக் காட்டுகிற முள் ஒன்று உண்டு. அதற்குச் சிவப்பில் ஒரு கோடு போட்டிருக்கும். பேச்சிமுத்து முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோனான். அது போதாதென்று அண்ணாச்சி பார்த்த பார்வையில் கோட்டையும் தாண்டி விட்டான். அடுத்து, ஒவ்வொரு பாட்டிலுக்கும் கதவைத் திறந்து சாத்துவதில் நேரம் போகிறது என்று கம்பிவலைக் கதவையே கழற்றச் சொன்னார்.

மெஷினில் பேச்சிமுத்துவுக்குக் கைத்துணையாக நின்றவன் ஜெபசிங். அவனைவிட இளையவன். இசக்கித்தாயை அண்ணி முறை வைத்து மயினி என்றுதான் கூப்பிடுவான். அதிகம் பேசாதவன் அன்றைக்குப் பேசினான்.

"அண்ணாச்சி, பாட்டிலு பூரா பழசு. இம்புட்டு கேஸ் தாங்காது. அதுலயும் கதவு இல்லன்னா வெடிக்கது நேரா மொகத்துக்குல்லா வரும்."

"வெடிச்சா நான் பாத்துக்கிடுதேன். நீ எடுத்து வை."

"கதவ மாட்டுங்க, எடுத்து வைக்கேன்."

"பயமா இருந்தா வீட்டுக்குப் போயிருல."

ஜெபசிங் கையைத் துடைத்துவிட்டு நிஜமாகவே போய்விட்டான். அண்ணாச்சி அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பேச்சிமுத்துவைப் பார்த்தார். பேச்சிமுத்து தொட்டிப் பக்கம் திரும்பினான்.

"ஏளா, நீ இங்கன வா. நான் சுத்தச் சுத்த பாட்டில எடுத்துப் பெட்டில அடுக்கு. தேர் ஓடுத வரைக்குந்தான்."

"எனக்கு மொகமூடி?"

"நான் இருக்கம்லா. வா."

போனாள். ஜெபசிங் சொன்னது அவள் காதிலும்தான் விழுந்திருந்தது. ஆனால் கூப்பிடுவது புருசன், ரொப்புவது தனக்குப் பிடித்த கலர், ஊரே அதைக் கேட்டு நிற்கிறது. அன்று முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. ஜெபசிங் சும்மா பயந்துவிட்டான் என்று அவளே பேச்சிமுத்துவிடம் சொன்னாள்.

தேருக்கு முந்தின நாள், உச்சி வெயில். தகரம் காய்ந்து கொட்டகைக்குள் மூச்சு முட்டியது. தூரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் ஜெபம் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து சுற்றி நிறுத்தினான். அவள் குனிந்து கையை நீட்டினாள். சத்தம் கேட்டது அவளுக்கு நினைவில்லை. முகத்தில் வெதுவெதுப்பாக ஏதோ ஊற்றியது. கலர்தான் சிந்திவிட்டது என்று நினைத்து முந்தானையால் துடைக்கப் போனாள். துடைத்த கையில் கண்ணாடிச் சில்லு குத்தியது. வாய்க்குள் இஞ்சியும் உப்பும் ரத்தமும் ஒன்றாக ருசித்தன.

பெரியாஸ்பத்திரியில் அவளுடைய இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணுக்கு மேலேயும் காயம் இருந்ததால் இரண்டையும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். தேர் ஓடிய நாளில் அவள் அந்தக் கட்டிலில் கிடந்தாள். சன்னல் வழியாக வேட்டுச் சத்தமும், சனத்தின் இரைச்சலும், பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்தவர்கள் தேரின் அழகைச் சொன்னதும் கேட்டன. வந்தவர்களில் ஒருத்தி, "வெயிலுக்கு ஒரு மஞ்சக் கலர் விக்கான் பாரு, தேவாமிர்தம்" என்றாள்.

பேச்சிமுத்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்தான். அழுதான். அவன் அழுவது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. அழுது முடித்த பிறகு சொன்னான்:

"அண்ணாச்சி வந்திட்டுப் போனாவ. இங்கன ஆகுத செலவெல்லாம் அவுகளே பாத்துக்கிடுதாவளாம். மாப்பிள்ளையூரணி வெலக்குல அவுகளுக்கு ஒரு எடம் கெடக்குல்லா, அதுல நமக்குக் கடை போட்டுத் தாராவளாம். கலரு சோடா எல்லாம் கம்பெனிலேர்ந்தே வரும். நான் மெஷின் ஓட்ட வேண்டாம். நாமளே மொதலாளி."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த ஜெபசிங் பய ஆபீசுல போய் எழுதிக் குடுத்திருக்கான். நாளைக்கு ஆபீசர் வருவாரு. கதவு இருந்துச்சு, ஒன் கைதான் தவறிட்டுன்னு சொல்லிருவோம். கோர்ட்டு கேஸ் ஆச்சுன்னா கம்பெனிய மூடிருவான். பொறவு எனக்கும் பொழப்பில்ல. போன கண்ணு திரும்பியா வரப்போவுது?"

"முள்ளு எங்கன நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"எந்த முள்ளு?"

"கேஸு முள்ளு. கோட்டுக்கு அந்தப் பக்கம்தான நின்னுச்சு? நீங்கதான திறந்து விட்டிய?"

அவள் கையைப் பிடித்திருந்த அவன் கை வேர்த்தது. "பகவதிய நெனச்சுப் பாரு" என்றான்.

மறுநாள் தொழிலாளர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். கூடவே ஜெபசிங்கும் வந்திருந்தான் என்பது அவன் குரலில்தான் அவளுக்குத் தெரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றான். ஆபீசர் முதலில் பேச்சிமுத்துவைக் கேட்டார்.

"மெஷினுக்குக் கதவு போட்டிருந்ததா?"

"போட்டுத்தான் சார் இருந்துச்சு. வெடிச்சது மெஷின்ல இல்ல. ரொப்பின பாட்டில இவ தொட்டி விளிம்புல இடிச்சிட்டா. இவளுக்குக் கவனம் பத்தாது சார். எப்பவும் அப்படித்தான்."

"பொய் சொல்லாதீய அண்ணே!" என்றான் ஜெபசிங். "கதவு கொட்டகைக்குப் பின்னால கெடக்கு சார், நான் காட்டுதேன். மயினிகிட்டக் கேளுங்க. அவுக சொல்லட்டும்."

ஆபீசர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் சொல்றது சரிதானா?"

கட்டுக்குள் ஒரே இருட்டு. அவள் மனசில் கடையும் பகவதியும் அண்ணாச்சி எடுத்துக் கொடுத்த சேலையும் கலந்து வந்தன. 'இவளுக்குக் கவனம் பத்தாது' என்ற சொல்லும் வந்தது. இத்தனை வருசத்தில் ஒரு பாட்டிலைக் கீழே போட்டதில்லை அவள்.

"ஆமா சார்" என்றாள். "எங் கைதான் தவறிட்டு."

ஜெபசிங்கின் செருப்புச் சத்தம் வார்டைத் தாண்டி வராந்தாவில் போய்த் தேய்ந்தது.

அதற்குப் பிறகு ஜெபசிங்குக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்கவில்லை. முதலாளியை மாட்டிவிடப் பொய்ப் புகார் கொடுத்தவன் என்று பேர் ஆகிவிட்டது. உப்பளத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள்.

அண்ணாச்சி சொன்ன சொல் தவறவில்லை. மாப்பிள்ளையூரணிக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஓலைச் சாய்ப்பு இறக்கிய கடை வந்தது. பின்னாலேயே குடியிருக்க ஓர் அறை. நேற்று வரை 'ஏலே பேச்சிமுத்து' என்று கூப்பிட்ட லாரிக்காரர்கள் இப்போது அவனை அண்ணாச்சி என்றார்கள். அவன் வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்தான்.

இசக்கித்தாய் கடைக்குள் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வடையும் பொரிகடலையும் மடித்துக் கொடுத்தாள். முந்தானையை இடது பக்கம் இழுத்து விட்டிருப்பாள். வெளியே ஒரு கோலி உடையும் ஒவ்வொரு தடவையும் அவள் தலை தானாக ஒரு பக்கம் வெட்டி இழுத்தது. முதல் சில மாதம் பேச்சிமுத்து அவள் உள்ளே இருந்தால் பாட்டிலைத் துணியால் மூடி மெல்ல உடைத்தான். வியாபாரம் சூடு பிடித்ததும் அது அவனுக்கு மறந்துவிட்டது. அவளும் நினைவுபடுத்தவில்லை. கலர் எதையும் அந்தக் கடையில் அவள் வாயில் வைக்கவில்லை.

அவளை வாட்டியது சத்தம் மட்டுமல்ல. கொடி இறங்கிய மறுநாளே அண்ணாச்சி தேர் கலரை நிறுத்தியிருந்தார். நிறுத்தியதால் அதன் பேர் வளர்ந்தது. குடித்தவர்கள் சொல்ல, குடிக்காதவர்களும் குடித்தமாதிரிப் பேசினார்கள். கடைக்கு வருகிறவர்களில் நாளைக்கு ஒருத்தராவது கேட்பார்கள்.

"அண்ணாச்சி, அந்தத் தேர் கலரு இனிமே வரவே வராதா?"

"வராது, ஓய். அது அந்தத் திருவிழாவுக்குன்னே போட்டது."

"என்னா ருசி! அப்பிடி ஒரு கலரு பொறவு குடிக்கவே இல்ல."

"ஊத்துனது ஆருங்கிய? இந்தக் கைதான்" என்று பேச்சிமுத்து கையை விரித்துக் காட்டுவான். அந்த நேரம் அவள் எழுந்து பின்னால் அடுப்படிக்குப் போய்விடுவாள். அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இரண்டு வருசம் போனது. எழுபத்தொன்பதில் ஆடி பிறந்தபோது அண்ணாச்சி கடைக்கு வந்தார். முன்னைவிட மெலிந்திருந்தார். பெரிய பெரிய கம்பெனிகளின் பாட்டில்கள் ஊருக்குள் வந்து, கோலி பாட்டில் வியாபாரம் படுத்துக்கொண்டிருந்தது. தேர் ஓடாத வருசம்தான் என்றாலும், தேர் கலரை இந்தத் திருவிழாவுக்கு மறுபடியும் இறக்கப் போவதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் பழைய களை வந்தது. கழுவ ஆள் வேண்டும், பழக்கமான ஆளாக வேண்டும் என்றார்.

"நம்ம பகவதி இருக்கா" என்றான் பேச்சிமுத்து. "பள்ளிக்கூடத்துக்குப் போய் என்னத்தக் கிழிக்கா? பாட்டில்தான, கழுவட்டும்."

அண்ணாச்சி போனதும் இசக்கித்தாய் சொன்னாள்: "அவ போவ மாட்டா."

"கம்பெனி இல்லன்னா இந்தக் கடை ஏதுளா? கழுவுத தொட்டி எங்கன இருக்கு, மெஷின் எங்கன இருக்கு?"

"என்னையும் தொட்டியிலேர்ந்துதான கூப்பிட்டிய?"

அவன் சட்டையை உதறிக்கொண்டு வெளியே போனான். அவள் பகவதியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது பத்து வயசு இருக்கும். அதுவரை மகளிடம் சொல்லாததை அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒங்கப்பா என்ன சொன்னாலும் நீ போவக்கூடாது, கேட்டியா? அங்கன கதவக் கழட்டிப் போட்டுட்டு..."

"எனக்குத் தெரியும்" என்றாள் பகவதி.

"என்ன தெரியும்?"

"கதவு, கேஸு, எல்லாந்தான். நான் அன்னைக்கு ஆசுபத்திரிலதான் இருந்தேன். அப்பாதான் என்னையக் கூட்டிட்டு வந்திருந்தாவ. சத்தங்காட்டாம இருக்கணும்னாவ. ஒனக்குக் கட்டுப் போட்டிருந்துச்சுல்லா, ஒனக்குத் தெரியல." பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு பேசியது. "நீதான கை தவறிட்டுன்னு சொன்ன. அந்த மாமா வெளிய போய் அழுதாவ."

இசக்கித்தாய் முந்தானையை இடது பக்கம் இன்னும் இழுத்து விட்டாள்.

"நான் போறேன்" என்றாள் பகவதி. "அப்பா பாவாட எடுத்துத் தாரேன்னாவ. நீ அன்னைக்கே ஒண்ணும் சொல்லல. இப்பம் எதுக்குச் சொல்லுத?"

மறுநாள் காலையில் பகவதியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். அங்கிருந்து நேராகக் காசிலிங்கம் சோடா கம்பெனிக்கு நடந்தாள்.

"பகவதி வரமாட்டா அண்ணாச்சி. நான் வாரேன். மெஷினுக்குக் கதவ மாட்டணும்."

அண்ணாச்சி அவளை நேருக்கு நேர் பார்க்கவில்லை. "அது எங்கன கெடக்கோ" என்றார்.

எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஜெபசிங் சொல்லியிருந்தான். கொட்டகைக்குப் பின்னால், உடைந்த மரப்பெட்டிகளுக்கு அடியில், கம்பி துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. தனியாகவே இழுத்து வெளியே கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். புது ஆள் ஒருவன் அதைத் தட்டி நிமிர்த்தி மாட்டினான். அவள் பழைய தொட்டியில் கையை விட்டுக் கழுவ ஆரம்பித்தாள். ஒற்றைக் கண்ணுக்கு, வருகிற பாட்டில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே சில சமயம் தெரியாமல் கை வெறும் காற்றைப் பிடித்தது.

முதல் சாம்பிள் ஊற்றிய அன்றைக்கு அண்ணாச்சி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அவளிடமே வந்தார்.

"நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை. முந்தியும் நீதான மொதல்ல சொன்ன."

அவள் குடித்தாள். மதராஸில் அந்த எசன்ஸ் இப்போது வருவதில்லை என்றும், வேறொன்று வாங்கியிருப்பதாகவும் ஏற்கனவே காதில் விழுந்திருந்தது. நிறம் அதேதான். நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. வெறும் இனிப்பு. அடியில் மருந்து மாதிரி ஒரு கசப்பு. இதை ஒருத்தனும் இரண்டாவது பாட்டில் கேட்க மாட்டான்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றாள். "அப்படியே இருக்கு."

அந்த வார்த்தையை நம்பி அவர் கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டார். சிவகாசியில் தங்க நிறத்தில் லேபிள் அடித்தார். திருவிழாவில் முதல் நாள் கூட்டமாக வந்து வாங்கினார்கள். 'இது அது இல்ல' என்று பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பேச்சிமுத்துவின் கடையிலேயே ஒரு லாரிக்காரன், "ஏமாத்தப் பாக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்டு மிச்சத்தை மண்ணில் ஊற்றினான். கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. பாட்டில் வேண்டுமே என்று ஒவ்வொன்றாகக் கோலியைத் தள்ளித் திறந்து சாக்கடையில் கொட்டினார்கள். கொட்டியவள் இசக்கித்தாய்தான். தன் பொய் பலித்ததைப் பார்த்துச் சந்தோசப்படுவோம் என்று எதிர்பார்த்திருந்தாள். ஈ மொய்க்கிற அந்த மஞ்சள் தண்ணீர் ஓடியதைப் பார்த்தபோது அப்படி ஒன்றும் வரவில்லை. கை மட்டும் பிசுபிசுவென்று இருந்தது.

கார்த்திகைக்குள் அண்ணாச்சி கம்பெனியை மூடினார். கொட்டகையை யாரோ சாக்கு போட்டு வைக்க வாடகைக்கு எடுத்தார்கள். விலக்குக் கடையிருந்த இடத்தையும் கடன்காரனுக்கு எழுதிக் கொடுத்தார். பேச்சிமுத்து போய்ச் சண்டை போட்டான்.

"எம் பொண்டாட்டி கண்ணக் குடுத்து வாங்குன கடைல்லா அண்ணாச்சி அது!"

"அவ கைதானல தவறிச்சு. நீதான சொன்ன" என்றாராம் அண்ணாச்சி.

பேச்சிமுத்து அதை வீட்டில் வந்து சொல்லி, அவளுடைய ஞாயத்துக்காகத் தான் போராடியது போலக் கத்தினான். அவள் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுபடியும் தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் குடியேறினார்கள். அவன் நாள்பூராவும் திண்ணையில் படுத்துக் கிடந்தான். அவனுக்கு மெஷினைத் தவிர வேறு வேலை தெரியாது, அந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக ஊரில் நின்றுபோய்க்கொண்டிருந்தன.

அவள் உப்பளத்துக்கு வேலை கேட்டுப் போனாள். பொம்பளைகளுக்கு உப்புச் சுமக்கிற வேலை. பாத்தியில் வாரிக் குவித்ததை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் வைத்து, மலையாகக் குவிகிற அம்பாரத்தில் கொட்ட வேண்டும். முதல் நாளே, உப்பு வாருகிறவர்களுக்கு நடுவில் ஜெபசிங் நிற்பதைக் கண்டாள். ஆள் கறுத்துப் போயிருந்தான். கணுக்காலுக்குக் கீழே தோல் வெடித்து வெள்ளையாக இருந்தது. அவன் மனைவி ஞானதீபம் சுமக்கிற வரிசையில் இசக்கித்தாய்க்கு முன்னால் நின்றாள். பின்னால் நிற்பவள் யாரென்று தெரிந்ததும் ஞானதீபம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரத்தில் அவள் அவனிடம் போனாள்.

"தம்பி."

அவன் நிமிர்ந்தான். முதலில் அவள் இடது கண் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வரப்பைப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

"தெரியும் மயினி. அங்கன நின்ன எல்லாருக்கும் தெரியும். அந்த ஆபீசருக்கும் தெரியும்."

"எந்த ஆபீசுக்குக் கூப்பிட்டாலும் இப்பம் வந்து சொல்லுதேன். நெசத்தச் சொல்லுதேன்."

"ஆருகிட்டச் சொல்லுவிய? கம்பெனியே இல்ல." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எம் மூத்த பயலப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிப்பாட்டிட்டேன். அவனும் இங்கனதான் வாருதான். ஒங்க நெசத்த வச்சு நான் என்ன செய்ய?"

தூக்குச்சட்டியைக் கழுவி வரப்பில் கவிழ்த்தான். எழுந்து உப்பு வாருகிற பலகையை எடுத்தான். இரண்டு அடி போனவன் திரும்பாமலே சொன்னான்:

"தலைத்துணிய நெத்திக்குக் கீழ இறக்கிக் கட்டுங்க. உப்பு வெள்ளைய ஒரேயடியாப் பாத்துக்கிட்டே நின்னியன்னா இருக்கதும் போயிரும்."

மேற்பார்வைக்காரன் குரல் கொடுத்தான். பொம்பளைகள் எழுந்து வரிசையாக நின்றார்கள். இசக்கித்தாய் துணியை அவிழ்த்து, புருவத்தை மூடுகிற மாதிரி இறக்கிக் கட்டிக்கொண்டு, ஞானதீபத்துக்குப் பின்னால் போய்ப் பெட்டியை எடுத்தாள்.